கடலோரக் கோட்டையிலே ஒரு கல்லூரி

"சர்வதேசப் பாடசாலை" என்னும் பெயர்ப்பலகையை இன்று கொழும்பில் மட்டுமன்றிக் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலுங் காண்கின்றோம். பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்புமுன்னரே, எந்தப் பாடசாலையிற் சேர்ப்பது என்னும் வினா பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கத் தொடங்கிவிடுகின்றது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எம்மிடமும் இவ்வினா அடிக்கடி வருவதுண்டு. வினவுவோருட் சிலர் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை தமிழை மறந்துவிட்டால் என்செய்வது, மாஸ்ரர்?" என்று கவலையுறுவர். வேறு சிலரோ, "தமிழ் போனாற் போகட்டும்; பிள்ளை உலகத்தில் எங்காவது பிழைத்துக்கொண்டாற் போதும்" என்பர். உலகத்தைப் பெறவேண்டுமாயின் தாய்மொழியை விலையாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்னும் எண்ணம் இவ்விரு சாராரிடத்தும் ஒருங்கே உண்டு. அவ்வெண்ணம் மெய்தானா என்பதை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

முதலில் எமது நாட்டு நிலைமையை நோக்குவோம். இலங்கையில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், ஐந்து முதற் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை நிறுவுவதைத் தடுத்தது. கொழும்பிலே வாழ்ந்த வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்கென 1957இல் எழுந்த பாடசாலை அதற்கு முன்னரே இருந்தது. 1977ஆம் ஆண்டுக்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது, கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற நிறுவனங்களாகச் சர்வதேசப் பாடசாலைகள் பெருகலாயின. இவற்றுட் பெரும்பாலானவற்றில் ஆங்கிலமே போதனாமொழி. இலண்டன், கேம்பிரிட்ஜ் பரீட்சைகளுக்கே மாணவர் ஆயத்தஞ் செய்யப்படுகின்றனர். ஆயின் வகுப்பில் அமர்ந்திருப்போரோ பெரிதும் இந்நாட்டுப் பிள்ளைகளே. ஆகவே "சர்வதேச" என்னும் அடைமொழி ஈண்டுப் பரீட்சைத்தாளையும் போதனாமொழியையுமே குறித்து நிற்கின்றது.

அச்சொல்லின் முழுப்பொருளை அறியவேண்டுமாயின், பல நாட்டுப் பிள்ளைகளை ஒருகூரையின் கீழ் வாழவைக்கவேண்டும் என்ற நோக்குடனேயே தோன்றிய ஒரு கல்லூரியைப் பார்த்தல் வேண்டும். பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில், கடலோரத்தில் உள்ள அத்திலாந்திக் கல்லூரி அத்தகையது.

கோட்டையும் கொள்கையும்

அக்கல்லூரியின் மூலகர்த்தா குர்ட் ஹான் (1886–1974) என்னும் கல்விமான். ஜேர்மனியில் யூத குலத்திற் பிறந்த இவர், 1920ஆம் ஆண்டில் அந்நாட்டின் சாலெம் என்னுமிடத்தில் ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஹிட்லரின் ஆட்கள் புரிந்த கொலையொன்றை வெளிப்படையாகக் கண்டித்த அவர், 1933இற் சிறையிடப்பட்டார். பிரித்தானியப் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் தலையிட்டதன் பயனாக விடுதலை பெற்றுப் பிரித்தானியாவை அடைந்து, 1934இல் ஸ்கொத்லாந்திலே கோர்டன்ஸ்டன் பாடசாலையை நிறுவினார்.

1955ஆம் ஆண்டில் ஹான், பாரிஸ் நகரிலிருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரிக்குச் சென்றார். பத்தாண்டுகளுக்கு முன் போர்க்களத்தில் ஒருவரையொருவர் கொல்ல முனைந்த நாடுகளின் அதிகாரிகள், அங்கே ஒரே மேசையிலிருந்து ஒரே பணியிற் கூடி ஈடுபட்டிருக்கக் கண்டார். முதிர்ந்த போர்வீரர்க்கு இது கைகூடுமாயின், மனம் இறுகுமுன் இளைஞர்க்கு ஏன் கைகூடாது என்னும் எண்ணம் அவருள்ளத்தில் எழுந்தது. அவ்வெண்ணமே கல்லூரியாயிற்று.

இடமாக வாய்த்தது சென்ற் டொனாற்ஸ் கோட்டை. பன்னிரண்டாம் நூற்றாண்டளவிலே தோன்றிய இக்கோட்டையை 1925இல் அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ரண்டோல்ப் ஹேர்ஸ்ட் விலைக்கு வாங்கிப் பெரும் பொருட்செலவிற் புதுப்பித்திருந்தார். பின்னர் அந்தோனின் பெஸ் என்னும் செல்வர் 1960இல் அதனை வாங்கிக் கல்லூரிக்கென வழங்கினார். 1962இற் கல்லூரி திறக்கப்பட்டது. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி டெஸ்மன்ட் ஹோர் முதல் அதிபரானார். தொடக்கத்தில் ஆண்களே பயின்றனர். 1967 முதல் பெண்களுஞ் சேர்க்கப்பட்டனர்.

பதினாறு வயதளவிற் சேர்ந்து ஈராண்டு பயில்வதே அங்குள்ள முறை. மாணவர் தொகை ஏறத்தாழ முந்நூற்றைம்பது. எமது நாட்டின் பெருங்கல்லூரிகளோடு ஒப்பிடின் இது சிறிதே. எனினும் அவ்வளவு பேருள்ளே தொண்ணூறு நாடுகள் வரை இடம்பெறுவதுண்டு. மாணவரைத் தெரிபவை நாடுதோறும் உள்ள குழுக்கள். தெரிவானோர்க்குக் குடும்ப வசதியை நோக்கி உதவிப்பணம் வழங்கப்படுகின்றது. இக்கொள்கையைத் தழுவிய கல்லூரிகள் பின்னர்ப் பிற நாடுகளிலும் எழுந்தன. இந்தியாவிலே பூனே நகருக்கு அண்மையில் 1997இற் றொடங்கப்பட்டதும் அவற்றுள் ஒன்றாகும்.

விடுதியும் கடலும்

விடுதியறையிற் பெரும்பாலும் நால்வர் தங்குவர். அந்நால்வரும் ஒரே நாட்டவராய் அமையாதவாறு பார்த்துக்கொள்ளப்படுகின்றது. விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, சாளரத்தைத் திறப்பதா மூடுவதா, தொழுகைக்கும் தியானத்திற்கும் மௌனம் எவ்வாறு காப்பது என்பன போன்ற சிறு வினாக்களே அங்கு முதற்பாடம். வெப்ப நாடுகளிலிருந்து செல்லும் பிள்ளைக்கு வேல்ஸ் நாட்டுக் குளிரும், நான்கு மணிக்கே இருண்டுவிடும் மாரிகாலப் பொழுதும் எளியன அல்ல. வீட்டு நினைவால் வாடாத பிள்ளை அரிது. அறைத்தோழரும் அதே நிலையில் இருப்பதே அப்பிள்ளைக்கு ஆறுதலாகின்றது.

கோட்டையின் அடிவாரத்திலே பிரிஸ்டல் கால்வாய் விரிந்து கிடக்கின்றது. உலகின் மிகப் பெரிய கடல் ஏற்றவற்றங்களுள் ஒன்று அங்கே நிகழ்வதாகும். ஆபத்தில் அகப்பட்ட பிறரை மீட்கும் பொறுப்பை இளைஞரிடம் ஒப்படைத்தாற் கருணை தானே வளரும் என்பது ஹானின் நம்பிக்கை. அதன்படி 1963 முதல் 2013 வரை ஓர் உயிர்காப்புப் படகு நிலையம் கல்லூரியில் இயங்கியது. மாணவரே பயிற்சி பெற்றுக் கடலிற் சென்று உயிர்களைக் காத்தனர்.

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. பாறைக் கரையிலும் பேரலையிலும் மோதிப் படகுகள் அடிக்கடி சிதைந்தன. அதிபர் ஹோரும் மாணவரும், அடிப்பாகத்தை உறுதியான பலகையாலும் விளிம்பைக் காற்றடைத்த குழாயாலும் அமைத்து, படகு படகாகச் செய்து சோதித்தனர். அம்முயற்சியின் பயனாக உருவானதே, இன்று உலகெங்கும் மீட்புப் பணியாளரும் கடற்படையினரும் பயன்படுத்தும் கடின அடிப்பாகக் காற்றுப்படகு. பிரித்தானிய உயிர்காப்புப் படகுச் சங்கம் 1972இற் பணியில் ஈடுபடுத்திய படகுவகை, கல்லூரியின் பெயரால் "அத்திலாந்திக் 21" என்றே வழங்கலாயிற்று. அதற்குரிய ஆக்கவுரிமையை ஹோர் 1973இல் அச்சங்கத்துக்கு ஒரே ஒரு பவுணுக்குக் கொடுத்துவிட்டார். பொருளீட்டும் வழியொன்று கைக்கெட்டியபோதும் அதனை நாடாத அதிபரின் செயல், மாணவர்க்கு எந்தப் பாடநூலினும் ஆழமாய்ப் பதிந்திருக்கும்.

ஆறு பாடங்கள்

கல்லூரி தொடக்கத்தில் பிரித்தானிய உயர்தரப் பரீட்சைக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1968இல் ஜெனீவா நகரிலே சர்வதேச பக்கலோறியேற் என்னும் பரீட்சை அமைப்பு நிறுவப்பட்டது. 1971இல் அத்திலாந்திக் கல்லூரி பழைய பரீட்சையை அறவே கைவிட்டுப் புதியதைத் தழுவிற்று.

இம்முறையில் ஒவ்வொரு மாணவரும் ஆறு பாடங்கள் பயிலல் வேண்டும். தமக்கு நன்கு கைவந்த மொழியின் இலக்கியம், இரண்டாவதொரு மொழி, வரலாறு அல்லது பொருளியல் போன்ற சமூகக் கல்வி, விஞ்ஞானம், கணிதம் என்பவற்றில் ஒவ்வொன்று தப்பாது இடம்பெறும். ஆறாவது கலைப்பாடமாகலாம், முன்னைய துறைகளிலிருந்து மற்றொன்றுமாகலாம். மூன்று பாடங்களை உயர்மட்டத்திலும், மூன்றைப் பொதுமட்டத்திலும் பயில்வது வழக்கம். பாடமொன்றுக்கு ஏழு புள்ளியாக நாற்பத்திரண்டு. ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுக்குமாக மூன்று. ஆக மொத்தம் 45. சித்தியடைவதற்கு 24 புள்ளியேனும் பெறுதல் வேண்டும்.

ஆராய்ச்சிக் கட்டுரை மாணவர் தாமே தெரிந்த பொருள்பற்றி நாலாயிரஞ் சொற்களுக்கு மேற்படாது எழுதுவது. அறிவுக் கோட்பாடு என்பது, ஒன்றை நாம் அறிந்தோம் என எவ்வாறு துணிகின்றோம் என்று வினவும் பாடம். பௌதிகவியலார் காட்டுஞ் சான்றும் வரலாற்றாசிரியர் காட்டுஞ் சான்றும் ஒரே தன்மையனவா என்று அதில் ஆராய்வர். காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்து வைத்த சைவசித்தாந்த மரபில் வந்த எமக்கு இது புதியதொன்றன்று. ஆயின் அதனை எமது பாடசாலைகளிற் பாடமாக வைத்தோமில்லை. இவற்றோடு கலை, உடற்பயிற்சி, சமூகசேவை ஆகியவற்றில் ஈடுபட்டமையைக் காட்டாத மாணவருக்குப் பட்டயம் வழங்கப்படுவதில்லை.

தாய்மொழியின் இடம்

நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை இங்கேதான் உள்ளது. தொண்ணூறு நாட்டுப் பிள்ளைகள் கூடிய இடத்தில் ஆங்கிலமே பொதுமொழி. அங்ஙனமாயினும், ஆங்கில இலக்கியத்தைத்தான் கற்கவேண்டும் என்று அம்முறை எவரையும் நிர்ப்பந்திப்பதில்லை. தன் மொழியைக் கற்பிக்க ஆசிரியர் இல்லாவிடினும், அம்மொழியின் இலக்கியத்தைத் தானே கற்றுப் பரீட்சை எழுத மாணவருக்கு வழியுண்டு. அதற்கெனக் கல்லூரி நேரம் ஒதுக்கி, மேற்பார்வையாளர் ஒருவரையும் நியமிக்கின்றது. ஒன்பது நூல்களைக் கற்றல் வேண்டும். அவற்றுள் நான்கேனும் அம்மொழியிலேயே எழுதப்பட்டனவாகவும், மூன்றேனும் பிறமொழிகளிலிருந்து பெயர்க்கப்பட்டனவாகவும் இருத்தல் வேண்டும். எழுத்திலக்கியம் போதியளவு உள்ள எந்த மொழிக்கும் இவ்வாய்ப்பைக் கோரலாம். சங்ககாலந் தொட்டு இலக்கியங் கண்ட தமிழுக்கு இந்நிபந்தனை ஒரு தடையாகுமா?

இவ்வொழுங்கு இரக்கத்தால் எழுந்த சலுகையன்று. தன் மொழியிலே நுட்பமாகச் சிந்திக்கப் பழகியவனே இரண்டாம் மொழியிலும் நுட்பமாகச் சிந்திப்பான் என்பது ஆசிரியர் அனுபவத்திற் கண்டது. அன்றியும், பிறநாட்டுத் தோழன் ஒருவன் "உங்கள் கவிகள் யாவர்? அவர் பாடியது என்ன?" என்று வினவும்போது வாய்மூடி நிற்கும் பிள்ளை, அக்கூட்டத்திற்குக் கொண்டுசென்ற பொருள் யாது? எல்லோரிடத்தும் பெறுவதற்கு வந்தவன், தானும் ஏதேனும் கொடுக்க உடையவனாதல் வேண்டும்.

எமது கடமை

கோட்டையும் கடலும் எமது பாடசாலைகளுக்கு வாய்ப்பன அல்ல. ஆயினும் அங்கு காணும் கொள்கைக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆங்கிலத்திற் சரளமாக உரையாடும் பிள்ளை, ஊரிலிருக்கும் அம்மம்மா எழுதிய கடிதத்தை எழுத்துக்கூட்டியும் வாசிக்க மாட்டாது விழிப்பதை இன்று பல வீடுகளிற் காண்கின்றோம். இக்குறைக்குப் பாடசாலையை மட்டுங் காரணங் கூறல் பொருந்தாது. இரவு உணவின் பின் அரைமணி நேரம் ஒரு தமிழ் நூலைப் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கப் பெற்றோரை எந்தக் கம்பனிச் சட்டமும் தடுக்கவில்லை.

மற்றொன்றும் மறைக்கற்பாலதன்று. தமிழ்மொழி மூலம் போதிக்கும் எமது கல்லூரிகளும் இக்குற்றத்தினின்று முற்றாக நீங்கியவை அல்ல. சாதாரண தரம் வரை தமிழ்மொழியும் இலக்கியமும் எல்லோர்க்கும் உண்டு. உயர்தரத்திற் கணிதமோ விஞ்ஞானமோ பயிலும் மாணவர் மூன்று பாடங்களோடு பொது ஆங்கிலத்தையும் பொதுச் சாதாரண பரீட்சையையும் எதிர்கொள்கின்றனர். இலக்கியம் பதினாறு வயதோடு அவர்களை விட்டு அகன்றுவிடுகின்றது. கலைப்பிரிவினர் கணிதத்தைக் கைகழுவுகின்றனர். வேல்ஸ் நாட்டுக் கோட்டையிலே வைத்தியராக விரும்பும் மாணவி தன் தாய்மொழிக் காவியத்தைக் கற்றுக்கொண்டிருக்க, யாழ்ப்பாணத்தில் வைத்தியராக விரும்பும் மாணவி தமிழ்நூலை மூடிவைத்துவிடுகின்றாள். இதனைச் சீர்செய்யும்வரை, சர்வதேசப் பாடசாலைகளை நோக்கி விரல் நீட்டும் உரிமை எமக்குக் குறைவே.

ஆகவே பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. எந்தப் பாடசாலையாயினும் மூன்று வினாக்களை முதலில் வினவுங்கள். பிள்ளையின் தாய்மொழிக்கு இங்கு என்ன இடம்? தன்னினும் வேறான பிள்ளைகளோடு கூடி வாழ இங்கு வாய்ப்புண்டா? பிறர்க்கு உதவும் பணியில் யாதேனுமொன்று இங்கு பாடத்தோடு பாடமாக உள்ளதா? இம்மூன்றுக்கும் விடை பெற்ற பின்னர்க் கட்டணத்தைப்பற்றிக் கேட்கலாம்.