ஆண்டர்சன் குடும்பத் தோட்டமும் ஆள்மாறி வந்த பூச்சியும்

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கடலோர மணலில் சப்பாத்திக்கள்ளி கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். சில செடிகளில் பச்சை மடல்மேல் வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருக்கும். அதைக் குச்சியால் சுரண்டித் தாளில் தேய்த்தால் தாள் ரத்தச் சிவப்பாகிவிடும். பஞ்சுக்குள் இருப்பது காச்சினீல் பூச்சி. பப்பாளியிலும் செம்பருத்தியிலும் நாம் பார்க்கும் மாவுப்பூச்சிக்கு இது உறவு.

பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. ஊசி போன்ற வாயை மடலில் குத்தி ஓரிடத்தில் உட்கார்ந்தால் அதன் வாழ்நாள் அங்கேயே முடிந்துவிடும். மேலே இருக்கும் மெழுகு இழை வெயிலுக்கும் மழைக்கும் காப்பு. எறும்பு போன்ற எதிரிகளை அண்டவிடாமல் வைப்பது உடலுக்குள் ஊறும் கார்மினிக் அமிலம். அதுதான் அந்தச் சிவப்பு. காயவைத்த பூச்சி ஒரு பவுண்டு சேர ஏறக்குறைய 70,000 பூச்சிகள் வேண்டும். படிகாரம் சேர்த்தால் சாயம் துணியில் பிடிக்கும். வெள்ளீய உப்பு சேர்த்தால் நெருப்பு நிறம் வரும். ஆங்கிலேய அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கு அந்த நிறம்தான். ஆனால் மெக்சிகோவில் விளைந்த அந்தச் சரக்கு ஸ்பெயின்காரர்கள் பிடியில் இருந்தது.

அந்தப் பிடியை மதராஸிலிருந்து உடைக்கலாம் என்று நம்பியவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1738-ல் எடின்பரோ அருகே பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவர்.     

ஆண்டர்சனுக்கு நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் இருந்தது. 1786-ல் மதராஸ் புல்வெளியில் ஒரு செதில் பூச்சியைக் கண்டதும் இதுவே காச்சினீல் ஆகலாம் என்று லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். அது சாயத்துக்கு உதவவில்லை. அவர் விடவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் எழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் ஆண்ட்ரூ பெர்ரி. பூச்சி வருமுன்பே அதற்குச் சாப்பாடு வளர்த்துக் காத்திருந்தார்கள். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலில் இருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து மதராஸுக்கும் வந்தது.   வந்தது மெக்சிகோவில் பேணி வளர்த்த டாக்டிலோபியஸ் காக்கஸ் அல்ல. சிலோனிகஸ் என்ற காட்டு வகை. சாயம் மட்டம். 1800-ல் சைதாப்பேட்டைத் தோட்டம் மூடப்பட்டு, செடிகள் பெங்களூரு லால்பாக் போயின. ஒரு குடும்பம் ஆசையாக வளர்த்த செடிகள், பின்னாளில் ஊரே உலாவும் பூங்காவாகிவிட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆண்டர்சன் 1809-ல் காலமானார்.

பூச்சி மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. இந்த இனத்துக்கு ஒரு குணம்: தனக்கென்று அமைந்த கள்ளி வகையைத் தவிர வேறொன்றில் அது தழைக்காது. சிலோனிகஸுக்கு வாய்த்தது வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்துக்கொண்டிருந்த ஒப்பன்ஷியா மோனகாந்தா. வடக்கே அந்தக் கள்ளி பட்டுப்போவதைக் கண்டவர்கள், 1836 முதல் 1838 வரை களையை ஒழிக்கவென்றே பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 1860-களில் அது இலங்கைக்கும் போனது. களையை அழிக்கப் பூச்சியை ஏவும் முறைக்கு உலகில் இதுவே முதல் வெற்றி என்று பூச்சியியல் நூல்கள் சொல்கின்றன.

கடலோர முள்கள்ளியான ஒப்பன்ஷியா டில்லெனியை சிலோனிகஸ் தொடவே இல்லை. அந்த வகை பெருகிக்கொண்டே போனது. அதற்கென்று டாக்டிலோபியஸ் ஒப்பன்ஷியே என்ற இன்னொரு வகையை இலங்கையில் இருந்து 1926-ல் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் பெரும் பரப்பில் கள்ளி காய்ந்து, நிலம் மறுபடி உழவுக்கு வந்தது.