கல்லூரிக்குத் திரும்பி வந்த கால்பந்து

சொந்த வீட்டைவிட்டு வாடகை வீட்டுக்குக் குடி போகிறவர்கள் உண்டு. ஒரு சர்வகலாசாலையே அப்படிப் போனது என்றால் நம்ப முடிகிறதா?

அமெரிக்காவின் வடக்கே மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். குளிர் கடுமையான பிரதேசம். அங்கே மின்னியாபொலிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் மின்னசோட்டா சர்வகலாசாலை இருக்கிறது.

அமெரிக்கக் கால்பந்து நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்து இருமுனையும் கூராக, முட்டை போல் நீண்டிருக்கும். காலால் உதைப்பதைவிடக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதே அதிகம். கல்லூரிப் பந்தயம் என்றால் ஊரே திரண்டு வரும்.

பழைய வீடு

1924-ல் சர்வகலாசாலைக்கு உள்ளேயே ஒரு செங்கல் ஸ்டேடியம் எழுந்தது. முதல் உலக யுத்தத்தில் பணியாற்றியவர்களின் நினைவாக, மாணவர்களும் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் பணம் கொடுத்தார்கள்.

காலம் சென்றது. கட்டிடம் பழுதாயிற்று. 1982-ல் ஆட்டம் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மெட்ரோடோமுக்குப் போயிற்று. சுமார் 64,000 பேர் அமரலாம். காற்றால் தாங்கி நிற்கும் துணிக் கூரை. பனி இல்லை, குளிர் இல்லை. 1992-ல் பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள்.

ஆனால் வாடகை வீடு வாடகை வீடுதானே! வைக்கிங்ஸ் என்ற தொழில்முறைக் குழுவும், ஒரு பேஸ்பால் குழுவும் அதே இடத்தில் ஆடின. வகுப்பிலிருந்து நடந்தே ஆட்டத்துக்குப் போன காலம் மலையேறிவிட்டது.

யார் பணம்?

மறுபடி சொந்த வீடு கட்டத் திட்டம் போட்டார்கள். இடம், கார்கள் நிறுத்தும் மைதானங்களில் கிடைத்தது. கூரை வேண்டாம், 50,000 இருக்கைகள் போதும் என்று முடிவாயிற்று.

பணம்தான் பெரிய கேள்வி. மொத்தச் செலவு 28 கோடியே 85 லட்சம் டாலர்! 2006-ல் மாநிலச் சட்டசபை ஏறக்குறைய பாதியை ஏற்றது. டி.சி.எப். வங்கி தன் பெயரைச் சூட்டுவதற்கு 3½ கோடி டாலர் தந்தது. அந்த மண்ணின் ஆதிக்குடிகளான டகோடா மக்களின் ஒரு சமூகம் ஒரு கோடி டாலர் வழங்கியது.

மாணவர் தலையிலும் ஒரு பங்கு விழுந்தது. படிக்க வந்த பிள்ளை, பார்க்காத ஆட்டத்துக்கும் பணம் கட்டுவதா? நியாயமான கேள்வி. கடைசியில் மாணவர் கட்டணம் ஆண்டுக்கு 25 டாலர் என்ற அளவில் நின்றது.

கூரை விழுந்தது

2009 செப்டம்பர் 12. புது ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம். விமானப்படைக் கல்லூரியை 20—13 என்று மின்னசோட்டா வென்றது. 27 ஆண்டுக்குப் பின் சொந்த வீட்டில் வெற்றி!

அடுத்த ஆண்டு டிசம்பரில் ஒரு வேடிக்கை. பனியின் பாரம் தாங்காமல் மெட்ரோடோமின் கூரை கிழிந்து விழுந்தது. வைக்கிங்ஸ் வீரர்கள் எங்கே போவார்கள்? தங்கள் ஆட்டம் ஒன்றை மாணவர்களின் ஸ்டேடியத்திலே வந்து ஆடினார்கள்!

2014-ல் மெட்ரோடோமும் இடிக்கப்பட்டது. 2021-ல் புது ஸ்டேடியத்தின் பெயர் ஹண்டிங்டன் வங்கி ஸ்டேடியம் என்று மாறியது. பெயர் மாறினால் என்ன? மாணவர்கள் இப்போது நடந்தே ஆட்டத்துக்குப் போகிறார்கள்.