பாறை என்னும் பழைய ஏடு



மனிதன் எழுதக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே வரையக் கற்றுக்கொண்டான். அவனுக்குப் பாறையே ஏடு, காவிக்கல்லே மை. அத்தகைய ஏடுகள் நம் தமிழ்நாட்டிலும் உள்ளன. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில் உள்ள கீழ்வாலை அவற்றுள் ஒன்று.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் நாங்கள் ஒரு விடுமுறையில் குடும்பத்தோடு அங்குச் சென்றோம். ஊரார் 'இரத்தக் குடைக்கல்' என்று வழங்கும் பாறையில் செந்நிற உருவங்களைக் கண்டோம். பறவையின் அலகு போன்ற முகமுடைய மாந்தர் அதில் உள்ளனர். ஒருவர் விலங்கின்மேல் அமர்ந்திருக்கிறார்.

"இத்தனை காலம் இந்த நிறம் எப்படி அழியாமல் இருக்கிறது, தாத்தா?" என்று என் பேரன் வினவினான். நல்ல வினா. இலையிலும் பூவிலும் எடுத்த சாயம் வெயிலில் வெளுத்துவிடும். காவியோ இரும்பின் துரு; அது எளிதில் வெளுப்பதில்லை. நுண்ணிதாய் அரைத்த காவி, பாறையின் நுண்துளைகளிற் புகுந்து பற்றிக்கொள்கிறது. கவிந்த பாறை மழையைத் தடுக்கிறது.

"எத்தனை ஆண்டு பழையது?" என்பது அடுத்த வினா. இதற்கு விடை காண்பது அரிது. கரியைக்கொண்டு காலத்தைக் கணிக்கும் முறை உண்டு. ஆனால், இரும்புத் துருவில் கரி இல்லை. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில் ஆய்வாளர் ஓர் உபாயம் கண்டனர். கங்காரு ஓவியம் ஒன்றின் மேலும் கீழும் படிந்திருந்த குளவிக் கூடுகளின் வயதைக் கணித்தனர். ஓவியம் ஏறத்தாழ 17,300 ஆண்டுப் பழமையுடையது என 2021-இல் அறிவித்தனர்.

அந்நாட்டுக் காக்கடுப் பகுதியில் தொல்குடியினர் மீனை வரையும்போது உள்ளிருக்கும் முள்ளையும் குடலையும் சேர்த்தே வரைந்துள்ளனர். மீனை அறுத்து அறிந்தவர் கை அது என்பது எங்கள் ஊரார்க்குச் சொல்லாமலே விளங்கும். அவ்வோவியங்களின் பொருளைக் கதையாகவும் பாட்டாகவும் அறிந்த வழித்தோன்றல்கள் அங்கு இன்றும் வாழ்கின்றனர்.

எழுத்தின்றி அறிவு நிலைக்கும் என்பதற்குப் பழவேற்காடும் சான்று. எந்நாளில் எவர் ஏரியின் எப்பகுதியில் வலையிடுவது என்பதை மீனவர் 'பாடு' என்னும் முறையால் வகுத்துக்கொள்கின்றனர். தந்தை சொல்ல மகன் கேட்டு வளர்ந்த மரபு அது.

கீழ்வாலையிலோ அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. அலகுமுகத்தார் யாவர் என்று சொல்ல எவரும் இல்லை. எஞ்சியிருக்கும் சான்று ஓவியம் ஒன்றே. அதுவும் அழிந்தால், கேட்டறியவும் வழியில்லை, கண்டறியவும் வழியில்லை.

ஆயினும், பாறை ஓவியங்களின்மேல் தம் பெயரைத் தீட்டிச் செல்வாரும், நிறம் தெளிவாகத் தெரியுமென்று நீர் தெளிப்பாரும் உளர். நீர் காயும்போது உப்புப் பூத்து ஓவியத்தை மறைக்கும். அருகில் கல் உடைக்க வெடி வைத்தால் பாறையே பிளக்கும்.

ஆதலின் மாணவர்களே, இத்தகைய இடங்களுக்குச் செல்லுங்கள், தொடாமற் காணுங்கள், கண்டதைக் குறிப்பேட்டில் வரைந்து வாருங்கள். உங்கள் ஊர்ப் பாறையிற் செந்நிறக் கோடு தென்படின், ஆசிரியர் வாயிலாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பெயர் தெரியாத அம்முன்னோர்க்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.