'இட்' யாரைச் சுட்டுகிறது?

லிஸ்ப் நிரலில் ஒன்றைத் தேடி, கிடைத்தால் பயன்படுத்த வேண்டும் என்றால், விடைக்கு முதலில் ஒரு பெயர் வைக்க வேண்டும். பால் கிரஹாம் 1993-இல் எழுதிய 'ஆன் லிஸ்ப்' நூலில் வரும் 'ஏஇஃப்' மேக்ரோவில் அந்த வேலை இல்லை. சோதனையின் விடை தானாகவே 'இட்' என்ற மாறியில் வந்து உட்கார்ந்துவிடும்.

சுகம்தான். ஆனால் ஒன்றுக்குள் இன்னொரு 'ஏஇஃப்' எழுதினால்?

உள் 'இட்' வெளி 'இட்'டை மறைத்துவிடும். வாடிக்கையாளரைத் தேடி, அதற்குள் அவருடைய கடனையும் தேடினால், 'இட்' இப்போது கடன். வாடிக்கையாளரை எட்ட வழியில்லை. கம்பைலரோ வாயே திறக்காது! மேக்ரோவும் நிரலும் வெவ்வேறு பேக்கேஜில் இருந்தால் இன்னும் வம்பு: முறையாக இறக்குமதி செய்யாவிட்டால் இரண்டு 'இட்'டும் வேறு வேறு.

இதற்கு மாற்றாக, 'அலெக்சாண்ட்ரியா' என்ற லிஸ்ப் நிரல் நூலகத்தின் 'இஃப்-லெட்' மேக்ரோ பெயரை நம்மையே எழுதச் சொல்கிறது. இரண்டு மூன்று வரித் துண்டுக்கு 'ஏஇஃப்' போதும். பலர் கைவைக்கும் நிரலுக்கு 'இஃப்-லெட்'தான் மேல்.