ஒரே ரேம்... ஐம்பது ஆப்கள்... உங்கள் பின் நம்பருக்குக் காவல் யார்?

ரயில் டிக்கெட் எடுக்க உட்கார்கிறார் ஒருவர். பயணிகளின் பெயர், வயது எல்லாவற்றையும் நிரப்பியாயிற்று. ஓ.டி.பி. பார்க்க மெசேஜ் பக்கம் போகிறார். போன இடத்தில் மகள் அனுப்பிய வீடியோவையும் திறந்து பார்க்கிறார். திரும்பி வந்தால், டிக்கெட் ஆப் முதலிலிருந்து தொடங்குகிறது. நிரப்பியதெல்லாம் போச்சு!

'பாழாப்போன போன்' என்று திட்டு விழும். ஆனால், அந்த ஆப்பை மூடியது ஒரு கோளாறு அல்ல, ஒரு முடிவு. அதை எடுத்தது கெர்னல். ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். போன்ற ஆபரேட்டிங் சிஸ்டங்களின் மையப் பகுதி இதுதான். ஆண்ட்ராய்டில் இருப்பது லினக்ஸ் கெர்னல். திரையில் இது தலைகாட்டுவதே இல்லை. ஆனால் ரேமில் யாருக்கு எந்த இடம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் இதன் கையில்தான்.

அந்த ரேமில்தான் எல்லாமே இருக்கின்றன. பணம் அனுப்பும்போது தட்டும் பின் நம்பர், குடும்ப குரூப்பில் வரும் போட்டோ, பிள்ளைகள் விளையாடும் கேம் எல்லாம் ஒரே சிப்புக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. அப்படியென்றால், யாரோ எழுதிய ஒரு கேம் எட்டிப் பார்த்து பின் நம்பரைப் படித்துவிட முடியாதா?

சாதாரணமாக முடியாது. அதற்குக் காரணம், கெர்னல் வைத்திருக்கும் ஒரு பதிவேடு. அதன் பெயர் பேஜ் டேபிள்.

வகுப்புக்கு வகுப்பு ரோல் நம்பர் 1

ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு 'ஏ' பிரிவிலும் ரோல் நம்பர் 1 உண்டு, 'பி' பிரிவிலும் உண்டு. எண் ஒன்றுதான், பிள்ளைகள் வேறு. அது எந்தப் பிள்ளை என்று அந்தந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். 'ஏ' பிரிவுப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்த எண்ணைக் கூப்பிட்டாலும், 'பி' பிரிவுப் பிள்ளை எழுந்து நிற்காது.

போனுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். கெர்னல் ரேமைச் சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு துண்டுக்குப் பெயர் பேஜ். பல காலமாகப் பரவலாக இருக்கும் அளவு 4 கே.பி., அதாவது 4,096 பைட். 8 ஜி.பி. ரேம் என்றால் சுமார் 21 லட்சம் பேஜ்கள். ஐபோன்களில் ஒரு பேஜ் 16 கே.பி.; ஆண்ட்ராய்டும் இப்போது அந்தப் பக்கம் நகர்கிறது.

எந்த ஆப்புக்கும் ரேமின் உண்மையான முகவரி தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கெர்னல் கொடுத்த ரோல் நம்பர்கள். இவைதான் விர்ச்சுவல் முகவரிகள். ஒரு ஆப் தன் முகவரியைச் சொல்லி ஏதாவது கேட்டால், ப்ராசஸர் அந்த ஆப்பின் பேஜ் டேபிளைப் பார்த்து உண்மையான இடத்துக்குப் போகிறது. அடுத்த ஆப்பின் முறை வரும்போது, கெர்னல் பதிவேட்டையே மாற்றிவிடுகிறது. கேமின் பதிவேட்டில் பேங்க் ஆப்பின் பேஜுக்கு ஒரு வரிகூட இல்லை. அதனால் அதைக் கேட்கக்கூட கேமுக்கு வழியில்லை.

பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் கூடுதல் குறிப்புகளும் உண்டு. இந்தப் பேஜைப் படிக்கலாமா, எழுதலாமா, இதில் உள்ளதை ப்ரோக்ராமாக இயக்கலாமா, இது கெர்னலுக்கு மட்டுமா என்பவை அவை. ஒரு ஆப் இதை மீறினால் ப்ராசஸர் அங்கேயே நிறுத்தி கெர்னலுக்குத் தகவல் சொல்லும். கெர்னல் அந்த ஆப்பை மட்டும் மூடிவிடும். 'ஆப் நின்றுவிட்டது' என்ற அறிவிப்பு வந்த பிறகும் போன் தொடர்ந்து ஓடுவது இதனால்தான். எம்.எஸ்.-டாஸ் காலத்தில் இந்தக் காவல் இல்லை. ஒரு ப்ரோக்ராம் தவறினால் மொத்த கம்ப்யூட்டரும் உறைந்துபோகும். சுவிட்சை அணைத்துப் போடுவதுதான் வைத்தியம்.

பதிவேடே பெரிதாகிவிட்டால்?

பரவலாக உள்ள 48 பிட் முறையில் ஒரு ப்ரோக்ராமுக்குக் கிடைக்கும் முகவரிகளின் பரப்பு 256 டெராபைட். ஆப் இதில் துளியூண்டுதான் பயன்படுத்தும். ஆனாலும் எல்லா பேஜுக்கும் ஒரு வரி என்று 8 பைட் ஒதுக்கினால், ஒரு ஆப்பின் பதிவேட்டுக்கே 512 ஜி.பி. வேண்டும். போனின் ரேமே 8 ஜி.பி.தான்!

இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரே பெரிய புத்தகத்துக்குப் பதில், நான்கு அடுக்குகளில் சின்னச் சின்ன அட்டவணைகள். ஒவ்வொன்றிலும் 512 வரிகள். சரியாக ஒரு 4 கே.பி. பேஜுக்குள் அடங்கிவிடும். மேல் அட்டவணை அடுத்த அட்டவணையைக் காட்டும், அது அதற்கடுத்ததை. பயன்படுத்தாத பகுதிக்குக் கீழ் அட்டவணைகளே போடுவதில்லை. பிள்ளைகளே சேராத வகுப்புக்கு யாரும் பதிவேடு வாங்குவதில்லை அல்லவா?

ஒவ்வொரு முறையும் நான்கு அட்டவணைகளைப் புரட்டினால் போன் ஆமையாகிவிடும். அதனால் சமீபத்தில் பார்த்த வரிகளை ப்ராசஸர் தனக்குள்ளேயே ஒரு குட்டி நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதற்கு டி.எல்.பி. என்று பெயர். அடிக்கடி கூப்பிடும் பிள்ளைகளின் பெயர் ஆசிரியருக்கு மனப்பாடமாகிவிடுவதைப் போல!

'ஆப்சென்ட்' என்றால் ஆளனுப்பு!

வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் இருப்பதுபோல பேஜ் டேபிளிலும் உண்டு. 300 எம்.பி. ஆப்பைத் திறந்தால் மொத்தமும் ரேமுக்கு வருவதில்லை. முதல் திரைக்கு வேண்டிய பேஜ்கள் மட்டும் வரும். மற்றவை ஆப்சென்ட். அவற்றில் ஒன்றை ஆப் தொட்டால் ப்ராசஸர் கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் அதை ஸ்டோரேஜிலிருந்து எடுத்து வந்து, வரியைத் திருத்தி, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரச் சொல்லும். இதற்குப் பெயர் பேஜ் ஃபால்ட். பெயரில்தான் 'ஃபால்ட்', உண்மையில் இது அன்றாட வேலை.

இந்த யோசனைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையிலான குழு உருவாக்கிய அட்லஸ் கம்ப்யூட்டர் 1962 டிசம்பர் 7 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வேகமான நினைவகத்துக்கு விலை அதிகம், அளவு குறைவு. எதை எப்போது உள்ளே கொண்டுவருவது, எதை வெளியே அனுப்புவது என்று ப்ரோக்ராம் எழுதுபவரே கணக்குப் போட வேண்டியிருந்தது. அட்லஸ் அந்தச் சுமையை இறக்கி வைத்தது. 16,384 சொற்கள் கொள்ளும் வேகமான நினைவகத்தையும், மெதுவாகச் சுழலும் காந்த உருளையையும் சேர்த்து ஒரே நினைவகம்போலக் காட்டியது. இல்லாத பேஜைத் தானே எடுத்து வந்தது.

லினக்ஸுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பின்லாந்தின் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டார். 2 எம்.பி. ரேமோடு திணறிய ஒருவருக்காக, ரேமில் இடமில்லாதபோது பேஜ்களை டிஸ்க்குக்கு அனுப்பும் வசதியை அந்த ஆண்டின் இறுதியில் எழுதினார். 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் அது சேர்ந்தது.

டிக்கெட் ஆப்புக்கு என்ன ஆனது?

போன்களில் கெர்னல் கொஞ்சம் வேறு மாதிரி சிக்கனம் பிடிக்கிறது. ஸ்டோரேஜில் ஓயாமல் எழுதினால் அதன் ஆயுள் குறையும். அதனால் ஆண்ட்ராய்டு, உடனடியாகத் தேவைப்படாத பேஜ்களைச் சுருக்கி, ரேமிலேயே ஒரு ஓரத்தில் வைக்கிறது. ஸ்டோரேஜிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளக்கூடிய பேஜ்களைக் கைவிடுகிறது.

அப்படியும் இடம் போதாவிட்டால், பின்னணியில் இருக்கும் ஆப்களில் முக்கியத்துவம் குறைந்ததை மூடிவிடுகிறது ஆண்ட்ராய்டு. வீடியோ நிறைய இடம் கேட்டது. கண்ணுக்குத் தெரியாமல் காத்திருந்த டிக்கெட் ஆப் பலியானது. நன்றாக எழுதப்பட்ட ஆப் என்றால், பின்னணிக்குப் போகும்போதே நிரப்பிய விவரங்களைச் சேமித்து வைத்திருக்கும். சேமிக்காத ஆப்தான் வெறுங்கையோடு திரும்பி வருகிறது.

அப்படியானால், எல்லா ஆப்களையும் நாமே அடிக்கடி தள்ளித் தள்ளி மூடிவிடலாமா? அதில் லாபமில்லை. இடம் வேண்டும்போது கெர்னல் தானே எடுத்துக்கொள்ளும். நாம் மூடிய ஆப்பை மறுபடி திறந்தால், எல்லா பேஜ்களையும் திரும்ப ஏற்ற வேண்டும். நேரமும் பேட்டரியும்தான் வீண்.

சுவரில் விழுந்த ஓட்டை

இவ்வளவு கறாரான காவலிலும் ஒருமுறை ஓட்டை விழுந்தது. 2018 ஜனவரி 3 அன்று 'மெல்ட்டவுன்' என்ற குறைபாடு உலகுக்குத் தெரியவந்தது. கண்டுபிடித்தவர்களில் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவும், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அடக்கம்.

அதுவரை வேகத்துக்காக, எல்லா ப்ரோக்ராம்களின் பேஜ் டேபிளிலும் கெர்னலின் பேஜ்களையும் சேர்த்தே எழுதி வைத்திருந்தார்கள். 'கெர்னலுக்கு மட்டும்' என்ற குறிப்பு இருக்கிறதே, யார் படிக்க முடியும் என்ற நம்பிக்கை. தலைமை ஆசிரியரின் பீரோ விவரங்களை எல்லா வகுப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதி, 'பார்க்கக் கூடாது' என்று முத்திரை குத்தியதுபோல.

ப்ராசஸர்கள் நேரத்தை மிச்சப்படுத்த, அனுமதி உறுதியாகும் முன்பே அடுத்த வேலையை ஊகித்துச் செய்து பார்க்கும். அனுமதி இல்லை என்று தெரிந்தால் விடையைத் தூக்கிப் போட்டுவிடும். ஆனால், படித்ததன் தடயம் ப்ராசஸரின் உள் நினைவகத்தில் மிஞ்சியது. எந்த இடத்திலிருந்து தகவல் சீக்கிரம் வருகிறது என்று நேரத்தை அளந்தே அந்தத் தடயத்திலிருந்து ரகசியத்தை மீட்டுவிட முடிந்தது. பாஸ்வேர்டுகள்கூட அதில் சிக்கலாம். பல ஆண்டுகளாக விற்பனையான இன்டெல் ப்ராசஸர்களில் பெரும்பாலானவற்றில் இது இருந்தது. வேறு சில நிறுவனங்களின் ப்ராசஸர்களும் தப்பவில்லை.

விற்றுப்போன சிப்பைத் திரும்ப வாங்கி மாற்ற முடியுமா? முடியாது. பதிவேட்டைத்தான் மாற்றினார்கள். கெர்னலின் பேஜ்களைப் பெரும்பாலும் ப்ரோக்ராம்களின் பேஜ் டேபிளிலிருந்து எடுத்துவிட்டு, கெர்னலுக்கெனத் தனி பேஜ் டேபிள் வைத்தார்கள். கெர்னலைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டை மாற்றுவதால் வேகம் கொஞ்சம் குறைந்தது. பாதுகாப்புக்குக் கொடுத்த விலை அது.

அந்தத் திருத்தம் மக்களிடம் வந்து சேர்ந்த வழி, பலரும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிவிடும் அப்டேட்தான். காவல்காரருக்குப் புதுப் பதிவேடு அதன் வழியாகத்தான் வருகிறது. கம்பெனி செக்யூரிட்டி அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிட்ட பழைய போனில் பணப் பரிமாற்றம் செய்வதை யோசிக்கச் சொல்வதும் இதனால்தான்.

கெர்னலால் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் போனில் பேசி, 'இந்த ஆப்பைப் போடுங்க, ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க' என்று சொல்லி, நாமும் 'அலவ்' தட்டிவிட்டால், அது திருட்டு அல்ல, நாமே கொடுத்த அனுமதி. ஒரு ஆப்பின் பேஜை இன்னொன்று தொடாமல் பேஜ் டேபிள் பார்த்துக்கொள்ளும். திரையை யாருக்குக் காட்டுவது என்ற முடிவு மட்டும் நம் விரல் நுனியில்.