யானை ஏன் தோட்டத்திற்குள் வருகிறது?

புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளை யானைக் கூட்டம் ஒரே இரவில் நாசம் செய்துவிட்டால், சிறுதோட்டக்காரரின் பல மாத உழைப்பும் பணமும் வீணாகிவிடும். ‘பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விடுங்கள்’ என்ற குரல் எழுவது இயல்பே.

அந்த வேலை 1974 முதல் நடக்கிறது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறை இதுவரை பல நூறு யானைகளை இடம் மாற்றியுள்ளது. பழக்கப்பட்ட யானைகளை இருபுறமும் நிறுத்தி, பிடிபட்ட யானையை லாரியில் ஏற்றுவார்கள். இதற்கான மையம் 1989-இல் பகாங், லஞ்சாங் அருகே கோல கண்டாவில் அமைந்தது. ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. ஏன்?

வளர்ந்த யானை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோ தீனி தின்னும். அடர்ந்த காட்டின் உயர்ந்த மரங்களில் உள்ள இலை அதற்கு எட்டாது. புல், மூங்கில், வாழை, இளங்குருத்து எல்லாம் வெயில் படும் காட்டோரத்தில்தான் செழித்து வளர்கின்றன. கழுத்துப் பட்டை கட்டிக் கண்காணித்த ஆய்வுகளும், யானைகள் காட்டோரங்களையே அதிகம் நாடுவதாகக் காட்டுகின்றன. நமது தோட்டங்கள் பலவும் அதே காட்டோரத்தில்தான் உள்ளன. யானை வழிதவறி வரவில்லை. தீனி இருக்கும் இடத்திற்கு வருகிறது. தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் சில யானைகள் திரும்பி வந்துவிடுகின்றன.

காட்டை வெட்டிச் செல்லும் சாலைகளும் ஆபத்தானவை. 2025 மே 11, அன்னையர் தினத்தன்று அதிகாலையில், கிரிக் – ஜெலி நெடுஞ்சாலையில் லாரி மோதிக் குட்டி யானை ஒன்று மாண்டது. தாய் யானை அந்த லாரியை விட்டு அகலாமல் நின்ற காட்சி நாட்டையே உலுக்கியது. யானையின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 22 மாதம். பல ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். இழந்த ஒரு குட்டியை ஈடுகட்ட நீண்ட காலமாகும்.

எனவே, பயிரையும் யானையையும் சேர்த்தே காக்க வேண்டும். செம்பனைக் கன்றுகள் வளரும் முதல் சில ஆண்டுகளில்தான் சேதம் அதிகம் என்பதால், அப்போது முறையான மின்வேலியும் இரவுக் காவலும் பலன் தரும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலியில் பாய்ச்சவே கூடாது. அது மனிதரையும் கொல்லும். இருட்டில் பால் வெட்டப் போகிறவர்கள் புதிய சாணத்தையோ கால்தடத்தையோ கண்டால் தனியாக மேலே செல்ல வேண்டாம். கூட்டத்தில் குட்டி இருந்தால் தாய் மூர்க்கமாகும். கல்லெறியாமல், பட்டாசு வெடிக்காமல் விலகி வந்து, பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்வதே பாதுகாப்பு.