விற்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்!

மும்பையில் பழைய கட்டிடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு, புதிய மாடிகள் எழுகின்றன. புது ஃப்ளாட்டுக்குக் குடிபோகும் நம்மவர்கள் முதலில் கழித்துக் கட்டுவது தாத்தா காலத்து மேஜை நாற்காலிகளைத்தான். பழைய சாமான் வாங்க வருபவர் "மரம் உளுத்துப் போச்சே" என்று உதட்டைப் பிதுக்குவார். இடம் காலியானால் போதும் என்று நாமும் கொடுத்துவிடுவோம். அவற்றுள் ஒன்று 'பாம்பே பிளாக்வுட்' ஆக இருந்தால்?

நம் ஊரில் ஈட்டி, தோதகத்தி என்கிறோமே, அந்த மரம்தான் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோட்டைப் பகுதியின் மெடோஸ் தெரு (இன்றைய நகீன்தாஸ் மாஸ்டர் சாலை) இந்தச் செதுக்கு வேலைச் சாமான்களுக்குப் பெயர் போனது. வெள்ளைக்காரர்களும் பார்சிகளும் விரும்பி வாங்கினார்கள். வடிவம் ஐரோப்பியருடையது, கொடியும் பூவும் பறவையும் நம் நாட்டுத் தச்சரின் கைவண்ணம்.

சோர் பஜார் மட்டன் தெருக் கடைகளைச் சுற்றியும் தச்சர்களைக் கேட்டும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரு டார்ச்சும் அளவு நாடாவும் போதும்.

மரம்: ஈட்டி நல்ல கனம். ஊதா கலந்த பழுப்பில் கரும் வரிகள் ஓடும். பாலிஷ் படாத அடிப்பக்கத்தில் வெளிறிய மரம் தெரிந்தால், மேலே இருப்பது வெறும் கறுப்புச் சாயம்.

செதுக்கல்: கைவேலையில் இடப்பக்கப் பூவும் வலப்பக்கப் பூவும் அச்சாக ஒன்றுபோல் இராது. கை படும் மேடுகள் வழவழத்திருக்கும். பள்ளங்களில் பழைய மெழுகும் அழுக்கும் கறுத்திருக்கும்.

திருகாணி: பிளஸ் குறித் தலையுள்ள திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் அது பின்னாளில் பழுது பார்த்தபோது போட்டதாகவும் இருக்கலாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

வட்ட மேஜை: மரம் குறுக்குவாட்டில்தான் அதிகம் சுருங்கும். எனவே பலகையால் செய்த பழைய மேஜை முழு வட்டமாக இராது. மர ரேகையோடு ஒருமுறை, குறுக்கே ஒருமுறை அளந்தால் சிறு வித்தியாசம் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கட்டிடத்து மாமி ஒருவர் இப்படி அளந்து பார்த்த பிறகு, முதலில் வந்தவர் சொன்ன விலைக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். மூன்றாவதாக வந்தவர் சொன்ன விலை அதைப் போல் ஆறு மடங்கு!

விலையைத் தீர்மானிப்பது வயது மட்டுமல்ல. செதுக்கல் உடையாமல் இருக்கிறதா, ஜோடி அல்லது செட் சேர்ந்திருக்கிறதா, பழைய ரசீதோ புகைப்படமோ உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். பிரம்புப் பின்னலை மாற்றியிருந்தால் பெரிய பாதகமில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வார்னிஷ் அடிப்பதுதான் கெடுதல். செதுக்கலின் கூர்மையும் போகும், விலையும் போகும்.

அமெரிக்காவிலுள்ள பிள்ளைக்கு அனுப்பலாமா என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வயது குறைவு என்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

புது வீட்டில் இடமில்லை என்றால் விற்பதில் தவறில்லை. கையில் இருப்பது இன்னதென்று தெரிந்து, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு விற்போமே!